டோக்கன்னா இன்னாங்க?

டோக்கன் குடுக்கற வேலையில ஒரு நாளைக்கு ஒரே ஒருத்தர் மனசைத் தான் குளிர வைக்க முடியும். அவர் ஒன்னாம் நம்பர்க்காரர், அவரும் டாக்டர் வர லேட்டானா கோவிச்சுக்குவார்.

நீங்களும் டோக்கன் வாங்கிக்கினு உக்காந்தவங்க தான். ரேஷன் கடை, பேங்கு, தாலுகா ஆபீஸ்னு எங்கயாச்சும் ஒரு நம்பரைக் கையில மடிச்சு வச்சிக்கினு, "இப்ப எத்தினியாவது போவுது?"ன்னு பக்கத்து ஆளைக் கேட்டிருப்பீங்க. டோக்கன் குடுத்தவளை மனசுக்குள்ள நல்லாத் திட்டியும் இருப்பீங்க. அந்தத் திட்டெல்லாம் சேர்ந்து வந்து விழற எடம் என் தலை தான். ஆகவே நாம ரெண்டு பேரும் ஒரே நோய்க்காரங்க, கொஞ்சம் பக்கத்துல வந்து உக்காருங்க.

பேரு எஸ்தர். கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால ஒரு கொழந்தைங்க டாக்டர் கிளினிக்குல, வாசலோரம் மேசை போட்டு உக்காந்திருக்கறவ. எங்க வூட்டுக்காரர் கரும்பு டிராக்டர் ஓட்டறார். வெட்டு இருக்கற மாசத்துல அவரைக் கண்ணால பாக்க முடியாது. வெட்டு இல்லாத மாசத்துல கட்டிலை விட்டுக் கிளப்ப முடியாது. வருஷம் பூரா அடுப்பு எரியறது என் சம்பளத்துல தான். பொண்ணு ஷைனி காலேஜ்ல இங்கிலீஷ் படிக்குது. இந்த வேலை போச்சுன்னா அது படிப்பும் போச்சு.

டாக்டரம்மா தங்கமானவங்க. கோவம் வந்தா மட்டும் அந்தத் தங்கம் உருகி நம்ம மேல ஊத்தும். நான் சேர்ந்த அன்னிக்கே சொல்லிட்டாங்க: "எஸ்தர், ஓபி நேரத்துல சேரை விட்டு எழுந்து போவக் கூடாது. டோக்கன் சண்டை என் ரூமுக்குள்ள கேக்கக் கூடாது. ரெண்டுல எது நடந்தாலும் நான் வேற ஆள் பாத்துக்குவேன்." எனக்கு முன்னால அந்த சேர்ல இருந்தவங்களை அப்படித் தான் அனுப்பினாங்களாம். ரெண்டுமே என் காலத்துலயும் நடந்துச்சு.

செருப்பு வந்துச்சில்ல?

கிளினிக் ஷட்டரைத் திறக்கக் காலையில நான் போனா, வாசல்ல ஒரு ஆள் இருக்க மாட்டாங்க. ஆனா வரிசை இருக்கும். ஒரு தண்ணி பாட்டில், ஒரு மஞ்சப்பை, ஒரு ஹெல்மெட்டு, கல்லு வச்சு மடிச்ச ஒரு துண்டு, அப்புறம் செருப்பு. ஆளுங்க எல்லாம் எதிர்த்த டீக்கடையில. அந்தந்த சாமான் அந்தந்த ஆளு. இது எங்க ஊரு சட்டம். யாரு போட்டதுன்னு கேக்காதீங்க.

ஒரு நாள் தெருப் பெருக்கற அம்மா, பாவம், புதுசு. வாசல்ல குப்பை கெடக்குதேன்னு மொத்த வரிசையையும் ஒரே தள்ளா தள்ளி ஓரமா குமிச்சு வச்சிட்டுப் போயிருச்சு. நான் போறப்போ ஒரே கூச்சல். ஹெல்மெட்டுக்காரர் தான் தான் முதல்னார். மஞ்சப்பைக்காரம்மா, "பை மேல எம்மா தூசி இருக்குது பாரு, விடியறதுக்கு முன்னாலயே வச்சது"ன்னுச்சு. கடைசியா ஒருத்தர் நொண்டிக்கினே வந்தார். ஒரு கால்ல செருப்பு, ஒரு கால் வெறுங்கால். இன்னொரு செருப்பு குமியல்ல கெடக்குது. அதை எடுத்து என் மேசை மேலயே வச்சார். வூட்டுக்குப் போயி கொழந்தையக் கூட்டியாரணும், அதுக்குள்ள நம்பர் போயிடக் கூடாதுன்னு ஒத்தச் செருப்பை விட்டுட்டுப் போனாராம். "நீங்க இல்லாம எப்படிங்க நம்பர் குடுக்கறது? ஆளு வரணும்ல?"ன்னேன். அவர் என்னைப் பாத்த பார்வையில எனக்கே சந்தேகம் வந்துருச்சு, தப்பு என் மேல தானோன்னு.

அவர் சொன்னார்: "நான் வரலைன்னா இன்னாம்மா? என் செருப்பு வந்துச்சில்ல?"

போர்டு வந்த கதை

அந்தச் செருப்புச் சண்டைக்கு அப்புறம் டாக்டர் மேடம், 'டோக்கன் வாங்கிட்டு உக்காரவும்'னு ஒரு போர்டு வைக்கச் சொன்னாங்க. ஃப்ளெக்ஸ் கடைப் பையன் டோக்கன்ங்கறதை இங்கிலீஷ்ல போட்டுக் குடுத்தான். கே எழுத்து ரெண்டு. மாட்டி ஒரு மணி நேரம் ஆவல, பேண்ட் போட்டவங்க எல்லாரும் வந்து என்கிட்ட சொல்லிட்டுப் போனாங்க. கொழந்தைக்கு வாந்தி நிக்கலைன்னு வந்த ஒரு அப்பா, அந்த வாந்தியைத் தொடைச்சிக்கினே, "மேடம், ஒரு கே தான் வரும்"னார். திருப்பிக் குடுத்தேன். அடுத்ததுல கே-க்கு முன்னால ஒரு சி வந்துச்சு. பையன் கிட்ட கேட்டா, "டிக்கெட்டுக்கு வருதுல்லக்கா, பாக்கெட்டுக்கு வருதுல்ல, இதுக்கு மட்டும் இன்னா கொறை?"ங்கறான். எனக்கும் அது நியாயமாத் தான் பட்டுச்சு.

மேடத்துக்கு வெறுத்துப் போச்சு. "இங்கிலீஷே வேணாம், நல்ல தமிழ்ல போடு"ன்னுட்டாங்க. ஷைனியைக் கேட்டு 'வரிசைச் சீட்டு'ன்னு போட்டோம். பச்சை எழுத்து, மஞ்ச பார்டர், பாக்கவே லட்சணமா இருந்துச்சு. மறுநாள் சங்கராபுரம் பக்கத்துலருந்து ஒரு ஆள், தோள்ல கொழந்தையோட, போர்டை மேலருந்து கீழ வரைக்கும் ரெண்டு தடவை படிச்சிட்டு என் மேசை கிட்ட குனிஞ்சார்.

"இங்க ஏதோ வரிசைச் சீட்டு தான் குடுப்பாங்களாட்டம் இருக்குது. டோக்கன் குடுக்கற ஆஸ்பத்திரி எதுங்க?"

வெள்ளைக்காரன் டோக்கன்

அன்னிக்கு ராத்திரி சாப்புடறப்போ ஷைனி கிட்ட பொரிஞ்சு தள்ளிட்டேன். "உங்க இங்கிலீஷ்ல இந்த வார்த்தைய எவன் கண்டுபுடிச்சான்? அவன் ஒரு நாள் என் சேர்ல வந்து உக்காரட்டும்"னு. அது உடனே போனைத் தடவிச்சு. ரொம்பப் பழைய வார்த்தையாம். ஆதியில 'அடையாளம்'னு தான் அர்த்தமாம். நம்பர், வரிசை எதுவும் அதுல கெடையாதாம். ஒன்னு கண்ணுக்கு முன்னால இல்லாதப்போ, அதுக்குப் பதிலா நின்னு 'இது தான் அது'ன்னு காட்டறது. அதே வேர்லருந்து தான் கத்துக்குடுக்கறதுக்கு உண்டான 'டீச்'சும் வந்துச்சாம். ரெண்டுக்கும் 'காட்டறது'ங்கறது தான் அடியாம். காசு மாதிரி வட்ட வில்லையெல்லாம் பின்னால வந்ததாம்.

எனக்குத் தலை சுத்திச்சு. அப்போ அந்த ஒத்தச் செருப்புக்காரர் சொன்னது தான் சரியா? வெள்ளைக்காரன் கணக்குப்படி அவர் செருப்பு தான் அசல் டோக்கனு, நான் கிழிச்சுக் குடுக்கற காகிதம் தான் போலியா? சாம்பாரை ஊத்தறதுக்கு பதிலா மோரை ஊத்திக்கினேன்.

படிச்சதை சும்மா வச்சிருக்க முடியுதா? மறுநாள் ஒரு ஷேர் ஆட்டோக்காரர், "இன்னாக்கா டோக்கனு, இன்னா அர்த்தம் இதுக்கு? வந்தவன் வரிசையா போவ வேண்டியது தான"ன்னு எகிறினார். நான் பொறுமையா, "தம்பி, அது அந்தக் காலத்து இங்கிலீஷ் வார்த்தை. அடையாளம்னு அர்த்தம். வெள்ளைக்காரங்க அதை எப்படி வச்சிருந்தாங்கன்னா..."ன்னு ஷைனி சொன்னதை ஒன்னு விடாம ஒப்பிச்சேன். அவரும் முழுசாக் கேட்டார், தலையாட்டினார்.

அப்புறம் சொன்னார்: "அதெல்லாம் சரிக்கா. அந்த வெள்ளைக்காரன் எத்தினியாவது டோக்கன்ல உக்காந்துக்கினு இருந்தான்?"

ஒரே பாக்கெட்டு

மூங்கில்துறைப்பட்டுப் பக்கத்துலருந்து ஒரு கரும்பு விவசாயி. வெட்டு நேரம். டிராக்டர்ல லோடு ஏத்தி சர்க்கரை மில்லு வாசல்ல வரிசையில விட்டுட்டு, பேத்திக்குக் காய்ச்சல்னு இங்க வந்துட்டார். சட்டைப் பாக்கெட்டு ஒன்னு தான். அதுல மில்லு டோக்கனும் இருந்துச்சு, என் டோக்கனும் சேர்ந்துச்சு. நடுவுல யாரோ போன் பண்ணி "வண்டி நவுருது"ன்னதும், பேத்தியையும் மருமவளையும் இங்க விட்டுட்டு பஸ் ஏறிட்டார். போறப்போ மருமவ கையில ஒரு டோக்கனைக் குடுத்துட்டுத் தான் போனார். அந்தப் பொண்ணு அதை மடிச்ச மடிப்பு பிரிக்காம வச்சிக்கினு உக்காந்திருந்துச்சு. அவங்க முறை வந்து நான் வாங்கிப் பாத்தா, அதுல டிராக்டர் நம்பர் எழுதியிருக்குது.

அந்த நேரத்துல அவர் அங்க மில்லு கேட்டுல என் டோக்கனை நீட்டியிருக்கார். கேட்டுல இருந்தவர் அதைத் திருப்பித் திருப்பிப் பாத்துட்டு, பின்னால நான் எழுதியிருந்த கொழந்தை எடையைப் படிச்சாராம்: "இன்னா பெரியவரே, உன் லோடு பதினாலு கிலோ தானா?" எங்க வூட்டுக்காரரும் அன்னிக்கு அதே வரிசையில நின்னதால இந்த விஷயம் முழுசா எனக்குத் தெரிஞ்சுது. அடுத்த வாரம் அந்த விவசாயி திரும்ப வந்தார். "பெரியவரே, டோக்கனைப் பாத்து எடுத்துக் குடுக்கக் கூடாதா?"ன்னேன்.

அவருக்குக் கோவமும் இல்லை, வெக்கமும் இல்லை. சொன்னார்: "அங்கயும் காத்துக்கினு தான் கெடக்கறேன், இங்கயும் காத்துக்கினு தான் கெடக்கறேன். எங்க எதைக் குடுத்தா இன்னா தாயி?"

ஏழு-ஏ

மேடம் போட்ட ரெண்டு விதியில சண்டை விதி முதல்ல உடைஞ்சது இப்படித் தான். ஒரு நாள் வெள்ளை வேட்டிக்காரர் ஒருத்தர் பேரனோட வந்தார். எட்டாம் நம்பர் உள்ள போவப் போறப்போ, "நமக்கு டாக்டரம்மா தெரிஞ்சவங்க தான்"னு அழுத்திச் சொன்னார். கொழந்தைக்கு மூச்சு இழுப்பு வேற, பாக்கவே பாவமா இருந்துச்சு. எட்டாம் நம்பரைத் தள்ளினா அடி விழும். யோசிச்சு ஒரு காகிதத்துல ஏழு-ஏ ன்னு எழுதிக் குடுத்துட்டேன். என்னவோ பெரிய புத்திசாலின்னு நெனப்பு எனக்கு.

அடுத்த நிமிஷம் ஒரு அம்மா, "எங்க கொழந்தைக்கும் மூச்சு இழுக்குது, எனக்கு ஏழு-பி"ன்னுச்சு. பின்னாலயே சி, டி. கையில எட்டாம் நம்பரை வச்சிருந்த அப்பா எழுந்து நின்னு, "இன்னாங்க இது, ஏழே முடியாதாட்டம் இருக்குதே!"ன்னு கத்தினார். ஒருத்தரை ஒருத்தர் புடிச்சுத் தள்ளி, தண்ணி கேனு சாஞ்சு, வாசலெல்லாம் வெள்ளம். மேடம் கதவைத் திறந்து எட்டிப் பாத்தாங்க. சாயந்திரம் தான் கூப்பிட்டாங்க. "சண்டை உள்ள கேட்டாச்சு, எஸ்தர். இன்னும் ஒன்னு தான் பாக்கி. அதையும் பண்ணிடாத"ன்னாங்க. ஷைனிக்கு அப்போ ரெண்டாம் வருஷம் நடக்குது.

ஆனா அந்தக் கூச்சல் நடுவுல, மூலையில கொழந்தையத் தட்டிக்குடுத்துக்கினு இருந்த ஒரு ஆளு, எனக்கு மட்டும் கேக்கறாப்புல சொன்னார்: "எனக்கு ஏழு-இசட் குடுத்துரும்மா, அதுக்குள்ள நான் ஒரு டீ குடிச்சிட்டு வந்துர்றேன்."

ஒன்னாம் நம்பரைத் தூக்கிக் குடுத்தவங்க

கரியாலூர்லருந்து மலை பஸ் எறங்கி வர்றவங்க ஒருத்தர் ஒருத்தரா வர மாட்டாங்க. ஒரு ஊரே சேர்ந்து வரும்; சேர்ந்தே போவும். அன்னிக்கும் அப்படித் தான். முன்னால ராணின்னு ஒரு பொண்ணு, இருமற பையனோட வேகமா வந்து ஒன்னாம் நம்பரை வாங்கிருச்சு. பின்னால அலமேலுன்னு இன்னொரு பொண்ணு, கம்பளியில சுத்தின பெண் கொழந்தையோட. அதுக்கு ஆறாம் நம்பர். நடுவுல நம்ம ஊர்க்காரங்க.

எங்க வழக்கம் ஒன்னு சொல்லணும். எடை பாக்கற மிஷின் என் மேசைக்குப் பக்கத்துல. கொழந்தைய நிறுத்து, எடையை டோக்கன் பின்னாலயே எழுதிருவேன். அந்தக் காகிதத்தை உள்ள குடுப்பாங்க. மேடம் அந்த எடையைப் பாத்துத் தான் மருந்து அளவு எழுதுவாங்க. ராணி பையன் பதிமூணு கிலோ. அலமேலு கொழந்தை ஒன்பது. கம்பளியை எடுத்துட்டுத் தான் நிறுத்தேன். கையை வச்சா அடுப்பு மேல வச்சாப்புல கொதிச்சுது.

அவங்க மூலையில உக்காந்து கொஞ்ச நேரம் பேசிக்கினாங்க. "எதுக்கு ஜாஸ்தி முடியலையோ அது முன்னால போவட்டும்"னு அவங்க ஊர்ல அவ்ளோ தான் சட்டமாம். ராணி ஒன்னாம் நம்பரை அலமேலு கையில குடுத்துட்டு, ஆறை வாங்கிக்கினா. இத்தினி வருஷத்துல ஒன்னாம் நம்பரைச் சும்மா தூக்கிக் குடுத்த ஆளை நான் பாத்ததே இல்லை. அன்னிக்கு நடந்ததையும் நான் பாக்கல, அப்புறம் கேட்டுத் தான் தெரிஞ்சுது. அந்த நேரத்துல ரெண்டாம் நம்பர்க்காரர் என் கிட்ட ஃபேன் ஓடலைன்னு சண்டை போட்டுக்கினு இருந்தார்.

அலமேலு உள்ள போயி வந்து, மருந்து வாங்கிக்கினு, எல்லாருக்கும் பஸ்ஸுல எடம் போடறேன்னு முன்னால போயிட்டா. எங்க கிளினிக்கு மெடிக்கல்ல இருக்கறவர், "ஏதாச்சும் சாப்புட வச்சு உடனே ஒரு வேளை குடுத்துரும்மா"ன்னு அனுப்பியிருக்கார். ஆறாம் நம்பர்ல ராணி உள்ள போனா. உள்ளருந்து மேடம் குரல் கேட்டுச்சு: "எஸ்தர், இந்தப் பையன் ஒன்பது கிலோவா?"

நான், "இல்லைங்க மேடம், பதிமூணு"ன்னேன். சொன்ன வாய் மூடல. அப்போ பதிமூணு எங்க போச்சு? ஒன்னாம் நம்பர் பின்னால. ஒன்னாம் நம்பர் யாரு கிட்ட போச்சு? கம்பளிக்குள்ள இருந்த கொழந்தை கிட்ட. மேடம் வெளியவே வந்துட்டாங்க. முகம் வெளுத்துப் போயிருந்துச்சு. "அது எடைக்குத் தக்கனாப்புல குடுக்கற மருந்து. அந்தச் சின்னதுக்கு அவ்ளோ போவக் கூடாது"ன்னாங்க.

யாரை அனுப்பறது? மெடிக்கல்காரருக்கு முழங்கால் வலி. மேடம் கையில வேற கொழந்தை. அந்தப் பொண்ணு முகம் தெரிஞ்சது எனக்கு. சேரைப் பின்னால தள்ளினேன். அது கவுந்து விழுந்த சத்தம் எனக்கு நல்லா ஞாபகம் இருக்குது. வேலை போச்சுடி எஸ்தர்னு நெனச்சிக்கினே தான் ஓடினேன். பொய் சொல்லலைங்க, ஓடறப்போ ஷைனி முகமும் தெரிஞ்சுது, கம்பளியும் தெரிஞ்சுது.

கம்பளி இருக்குது, கொழந்தை இல்லை

மலை பஸ் இன்ஜினைப் போட்டு உறுமிக்கினு நின்னுச்சு. ஏறிப் பாத்தா, ஜன்னலோர சீட்டுங்கள்ல ஒரு மஞ்சப்பை, ஒரு துண்டு, அப்புறம் அந்தக் கம்பளி. எடம் புடிச்சு வச்சிருக்குது. ஆளு இல்லை. "இந்தக் கம்பளி வச்ச பொண்ணு எங்க?"ன்னு கேட்டா, பஸ்ஸுல இருந்த ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு பக்கம் கை காட்டறாங்க. ஒருத்தர், "எடத்துக்குத் தான் ஆள் இருக்குதே, அப்புறம் இன்னா?"ன்னு என் மேலயே எரிஞ்சு விழுந்தார்.

டீக்கடை ஓரத்துல கண்டுபுடிச்சேன். கொழந்தைக்குப் பன்னைப் பால்ல நனைச்சு ஊட்டி முடிச்சிட்டு, மருந்து மூடியில மருந்தை ஊத்திக்கினு, கோடு சரியா வந்துச்சான்னு வெளிச்சத்துல தூக்கிப் பாத்துக்கினு இருந்தா. நான் கத்தவும் இல்லை, சொல்லவும் இல்லை. மூச்சு எங்க இருந்துச்சு சொல்றதுக்கு? போயி மூடியைத் தட்டி விட்டுட்டு, பாட்டிலைப் புடுங்கிக்கினேன்.

கூட்டம் கூடிருச்சு. "மலைக்காரப் பொண்ணுன்னா மருந்தைக் கூடவா புடுங்குவ?"ன்னு டீ மாஸ்டர் கரண்டியோட வந்துட்டார். பஸ் கண்டக்டர் என் கையப் புடிச்சிக்கினார். கொழந்தை வீறிடுது. அலமேலு அழுவ ஆரம்பிச்சிட்டா. நான் மூச்சு வாங்கிக்கினே, "எடை மாறிருச்சும்மா, டோக்கன் மாறிருச்சு, அந்த மருந்து இந்தக் கொழந்தைக்கு ஆவாது"ன்னு திரும்பத் திரும்பச் சொல்றேன். அவளுக்கு ஒன்னும் விளங்கல. ஒரு வேளை கொழந்தைக்கு வேற ஏதோ பெரிய வியாதின்னு மறைக்கறேனோன்னு பயந்துட்டா. கண்டக்டருக்கும் விளங்கல. நல்லா யோசிச்சா எனக்கே முழுசா விளங்கல.

அலமேலு கண்ணைத் தொடைச்சிக்கினு கேட்டா: "நாங்க டோக்கனைத் தானக்கா மாத்திக்கினோம், புள்ளைய மாத்தலையே?"

புது ஆளு

அவளைக் கூட்டிக்கினு நான் திரும்பி வரப்போ, கிளினிக்கு வாசல்ல கால் வைக்க எடமில்லை. நம்பர் கூப்புட ஆளில்லாம எல்லாரும் கதவு கிட்ட குமிஞ்சு நிக்கறாங்க. என் சேர்ல யாருன்னு பாத்தா டாக்டரம்மா. கழுத்துல ஸ்டெதாஸ்கோப்பு கூட இல்லை. உள்ளயே வச்சிட்டு வந்துட்டாங்க போல. கையில காகிதக் கட்டை வச்சிக்கினு, ஒன்பதாம் நம்பரை ரெண்டு பேருக்குக் குடுத்துட்டு, அந்த ரெண்டு பேரையும் சமாதானம் பண்ணிக்கினு இருந்தாங்க. தலைமுடி எல்லாம் கலைஞ்சு கெடக்குது. என்னைப் பாத்ததும், "கொழந்தை?"ன்னு மட்டும் கேட்டாங்க. "மருந்து உள்ள போவலைங்க மேடம்"னேன். அவங்க கண்ணை மூடித் திறந்தாங்க. அப்புறம் அந்தக் கொழந்தையத் தோள்ல போட்டுக்கினு உள்ள போவத் திரும்பினாங்க.

ஒன்பதாம் நம்பர்க்காரர்ல ஒருத்தர் அவங்க பின்னாலயே கத்தினார்: "ஏம்மா, நீ புதுசா? ஒரு டோக்கன் குடுக்கத் தெரியாதவங்களை எல்லாம் எதுக்கு இங்க உக்கார வைக்கறாங்க?"

யாரு எழுதறது?

அலமேலு கொழந்தைக்கு அளவு மாத்தி எழுதி, முதல் வேளையை மேடமே அவங்க கையால ஊத்தினாங்க. "கம்பளி சுத்தினதைப் பாத்து, கொழந்தை பெருசுன்னு நானும் ஏமாந்துட்டேன்"னு ராணி கிட்டயும் அலமேலு கிட்டயும் சொன்னாங்க. அப்புறம் என் பேனாவை வாங்கி, கொழந்தையோட உள்ளங்கையில ஒன்பதுன்னு எழுதினாங்க. அதுக்குள்ள பஸ் போயிருச்சு. எடம் போட்ட கம்பளியை கண்டக்டர் டீக்கடையில குடுத்துட்டுப் போயிருந்தார். மலைக்காரங்க யாரும் கோவிச்சுக்கல. அடுத்த பஸ் வரைக்கும் எல்லாரும் கிளினிக்கு வாசல்லயே உக்காந்து பொட்டலம் பிரிச்சு சாப்புட்டாங்க.

கூட்டம் எல்லாம் போனப்புறம் மேடம் கூப்பிட்டாங்க. நான் சேலைத் தலைப்பை முறுக்கிக்கினு நிக்கறேன். அழுவக் கூடாதுன்னு வாசல்லயே முடிவு பண்ணிட்டுத் தான் உள்ள போனேன். ஆனா கண்ணு பேச்சைக் கேக்கல. அவங்க ஏதோ எழுதிக்கினே, "நாளையிலருந்து எடையை டோக்கன்ல எழுதக் கூடாது. கொழந்தை கையில எழுதணும்"னாங்க. அவ்ளோ தான். மறுபடியும் குனிஞ்சிட்டாங்க. இதுக்கு இன்னா அர்த்தம்? வேலை இருக்குதா, போச்சா? நான் நின்ன எடத்துலயே நின்னுக்கினு, "மேடம், நாளையிலருந்து எழுதணும்னா... நான் எழுதணுமா, வேற யாராச்சும் எழுதுவாங்களா?"ன்னு கேட்டேன்.

மேடம் பேனாவைக் கீழ வச்சாங்க. "அந்த சேர்ல நான் உக்காந்தது கொஞ்ச நேரம். அதுக்குள்ள ரெண்டு பேரு என் குடும்பத்துக்கே சாபம் விட்டுட்டுப் போயிட்டாங்க. உன்னை விட்டா அதுல யாரு உக்காருவா, எஸ்தர்?"

மை

மேடம் வரச் சொன்ன நாள்ல அலமேலு கொழந்தையத் திரும்பக் காட்ட வந்தா. காய்ச்சல் போயி கொழந்தை கலகலன்னு சிரிக்குது. என் மேசை மேல இருந்த டோக்கனையெல்லாம் இழுத்துக் கீழ போடுது. எடை பாக்கலாம்னு தூக்கினேன். உள்ளங்கையைப் பாத்தா ஒன்பது அப்படியே இருக்குது. பேனா எழுத்து எப்படி இத்தினி நாள் இருக்கும்னு கிட்ட கொண்டு வந்து பாத்தேன். பேனா இல்லை. கண்ணுக்கு வைக்கற மை. மேடம் எழுதினது அழிய அழிய, அது மேலயே மையைத் தொட்டு அலமேலு எழுதியிருக்கா.

"இதை எதுக்கு நீ எழுதின? ஒவ்வொரு தடவையும் நாங்க இங்க நிறுத்துப் பாப்பமே"ன்னேன். மிஷின் முள்ளு ஒன்பதரையில போயி நின்னுச்சு. அலமேலுவுக்கு அந்த அரை கிலோவுல வந்த சந்தோஷம் இருக்குதே, கொழந்தையத் தூக்கி முத்தம் குடுத்து, எனக்கும் ஒன்னு குடுத்துருவாளோன்னு பாத்தேன். கொழந்தை கையைப் புடிச்சு, அந்த ஒன்பதைக் கட்டை விரலால மெதுவாத் தொடைச்சிக்கினே சொன்னா:

"அன்னிக்கு நீ வேலையை விட்டுட்டு ஓடியாந்தியேக்கா, இந்த மை அழிஞ்சு மறுபடியும் ஆளு மாறிட்டா, எங்க மலைக்கு உன்னால ஓடியார முடியாதுன்னு தான் தெனம் எழுதினேன்."

டோக்கன்னா இன்னாங்கன்னு இப்ப யாராச்சும் கேட்டா, "உக்காருங்க, கூப்புடறேன்"னு சொல்லிட்டு, கொழந்தை உள்ளங்கையைப் புடிச்சு எடையை எழுத ஆரம்பிச்சிடறேன்.